தும்பிக்கையை வெட்டிய பத்திரிகை!

திருப்பூரில் பாதி பனியன் கம்பெனி கேட்டில் ஒரு போர்டு தொங்கும்: ‘வேலைக்கு ஆட்கள் தேவை’. அந்த ‘லை’யைக் கவனித்ததுண்டா? நம்ம தாத்தா எழுதிய ‘லை’க்குத் தலைமேல் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். அதை வெட்டியது யார் என்று தேடிப் போனேன். ரொம்ப தூரம் போகவில்லை, பக்கத்து ஈரோடுதான்!

1925 மே 2. ஈ.வெ.ராமசாமி ‘குடிஅரசு’ வார இதழை அங்கே ஆரம்பித்தார். அப்போது அவர் காங்கிரஸ்காரர். திறந்து வைத்தவர் யார் தெரியுமோ? திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் சுவாமிகள், சைவ மடாதிபதி! பிற்பாடு அந்தப் பத்திரிகை மதத்தை என்ன பாடு படுத்தியது என்பது ஊருக்கே தெரியும்.

அந்த வட்டாரத்துக்கே பத்திரிகை ஜுரம் போலிருக்கிறது. அடுத்தாற்போல திருச்செங்கோட்டில், காந்தி ஆசிரமத்திலிருந்து 1929-ல் ராஜாஜி ‘விமோசனம்’ என்று ஒரு மாத இதழ் கொண்டுவந்தார். கள்ளுக்கடைக்கு எதிராக மட்டுமே ஒரு பத்திரிகை! கூடவே வேலை பார்த்த இளைஞர், பின்னாளில் நாமெல்லாம் விழுந்து விழுந்து படித்த கல்கி.

ஈரோட்டுக்கு வருவோம். 1933-ல் ஒரு தலையங்கத்துக்காக ஈ.வெ.ரா. ஜெயிலுக்குப் போனார். வெளியீட்டாளரான தங்கை கண்ணம்மாளும்தான். ‘குடிஅரசு’ நின்றதா, ‘புரட்சி’ வந்தது. அதுவும் நின்றதா, ‘பகுத்தறிவு’ வந்தது. ஒரு கடையை மூடினால் பக்கத்திலேயே இன்னொரு ஷட்டரைத் தூக்குகிற சாமர்த்தியம்!

1935-ல் மறுபடி வந்த ‘குடிஅரசு’ எழுத்திலேயே கை வைத்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றுக்கெல்லாம் அதுவரை தனித்தனி உருவம், தனித்தனி ஈய அச்சு. ‘கா’வுக்குப் போடும் காலையே ‘னா’வுக்கும் போடு, ‘கை’க்குப் போடும் கொம்பையே ‘லை’க்கும் போடு என்றார் ஈ.வெ.ரா. அச்சுக் கோக்கிறவருக்குப் பெட்டியில் அறை மிச்சம், பள்ளிக்கூடப் பையனுக்கு மண்டை மிச்சம். படித்தவர்கள் சிரித்தார்கள். பத்திரிகை அப்படியே அச்சாகிக்கொண்டிருந்தது.

தமிழக அரசு இதை ஏற்று ஆணை போட்டது 1978-ல். 43 வருஷம்! நம்ம இன்க்ரிமென்ட் ஃபைலே தேவலை. பெரியார் அதைப் பார்க்கவில்லை. 1973-லேயே போய்விட்டார்.

அவர் கொள்கை பிடிக்காதவர்கள் உண்டு. அவரைத் திட்டி மொட்டைக் கடிதாசி எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் அதிலும் ‘லை’ வந்தால், அது அவர் போட்ட ‘லை’தான்!