கோடை விடுமுறையில் நுண்கணிதம்

பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிந்ததும் பொறியியல் கல்லூரி திறக்கும்வரை சில மாதங்கள் கையில் இருக்கும். திண்டுக்கல் மாணவர்கள் முதல் பருவக் கணிதத்தை முன்கூட்டிப் படிக்க ஏற்ற காலம் அது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் அந்தத் தாள் ‘அணிகளும் நுண்கணிதமும்’ என்று இருந்தது. அதன் ஐந்து அலகுகளில் நான்கு நுண்கணிதமே. எல்லை, வகைக்கெழு, தொகையிடல் ஆகியவை பதினோராம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. பலமடித் தொகையீடு போன்றவை புதியவை.

வகைக்கெழுவுக்கும் தொகையீட்டுக்கும் ஓர் எடுத்துக்காட்டு: ஆத்தூர் காமராஜர் அணையின் நீர்மட்டம் கோடையில் இறங்குகிறது. குறிப்பிட்ட ஒரு நொடியில் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது வகைக்கெழு. அந்த வேகங்களையெல்லாம் சேர்த்து மொத்த இறக்கத்தைக் கண்டறிவது தொகையீடு. இரண்டும் ஒன்றையொன்று தலைகீழாக்கும். சூத்திரங்களை மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் சுமார் 15 வாரப் பாடத்தைக் கோடையில் ஆறு அல்லது எட்டு வாரங்களில் முடித்துவிடுவார்கள். நம் ஊரில் அத்தகைய கோடைப் பருவம் பரவலாக இல்லை. என்பிடெல் இணையவழிக் காணொளிகளும் பள்ளிப் பாடநூலுமே துணை. சித்திரை வெயில் ஏறுமுன், விடியற்காலையில் இரண்டு மணி நேரம் கணக்குப் போட்டாலே அடிப்படை உறுதிப்படும். இயற்கணிதத்திலும் முக்கோணவியலிலும் தடுமாறுபவர்கள் முதல் வாரத்தை அவற்றுக்கே ஒதுக்க வேண்டும்.