படிவமா, மனக்கணிப்பா?

வீடு வீடாகச் சென்று பிறருக்கு வழிகாட்டும் பணியில் இருக்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழுவதுண்டு. கேள்விகளையும் படிமுறைகளையும் முன்கூட்டியே வகுத்துக்கொண்டு போவதா? அல்லது ஆளைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, அந்த நேரத்தில் மனதுக்குச் சரியெனப் படுவதைச் செய்வதா?

சுயதொழில் கடனுதவித் திட்டமொன்றில் இரண்டு களப்பணியாளர்கள் வேலை செய்வதாக எண்ணிக்கொள்வோம்.

முதலாமவர் நான்கு பக்கப் படிவத்துடன் போகிறார். குடும்பத்தில் எத்தனை பேர், கிணறு உண்டா, மாத வருமானம் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்கிறார். வீட்டுக்காரப் பெண்ணும் வரிசையாகவே பதில் சொல்கிறார். என்ன தொழில் செய்ய விருப்பம் என்றதும், "தையல் எண்டு எழுதுங்கோ மிஸ்" என்கிறார். அயல் வீடுகளுக்குத் தையல் இயந்திரம் கிடைத்ததை அவர் கண்டிருக்கிறார். கடன் கிடைக்கிறது. ஆறு மாதத்தின் பின் இயந்திரம் மூலையில் துணியால் மூடப்பட்டிருக்கிறது. கட்டவேண்டிய தவணைகள் மட்டும் ஏறிக்கொண்டிருக்கின்றன. பகலில் அவருக்குக் கூலி வேலை. மாலையானால் ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரிவதில்லை. இதை எழுதப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. அவரும் தானாகச் சொல்லவில்லை.

இரண்டாமவர் வெறுங்கையுடன் போகிறார். "பத்து வருட அனுபவம், ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்" என்பது அவர் வார்த்தை. கூட்டிப் பெருக்கிய முற்றமும் முகமலர்ந்த பேச்சும் உள்ள வீட்டைத் தெரிவு செய்கிறார். பின்னொழுங்கையில் தலை நிமிர்ந்து பேசாத ஒரு தாய் விடுபட்டுப் போகிறார். அவரோ பல வருடங்களாகப் பிறருடைய ஆடுகளைப் பங்குக்கு வளர்த்துப் பெருக்கிக் கொடுத்தவர். அதை எவரும் கேட்கவில்லை.

முதலாமவர் ஒழுங்காகக் கேட்டார். ஆனால் ஆளைக் காணவில்லை. இரண்டாமவர் ஆளைக் கண்டதாக நினைத்தார், ஆனால் கேட்கவில்லை. இருவரின் தவறுக்கும் விலை கொடுத்தவை அந்த வீடுகளே.

இரு வழிகள்

இது நமது கிராமங்களுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. ஆற்றுப்படுத்தல் துறையில் அமெரிக்கரான கார்ல் றொஜர்ஸ் 1942இல் வெளியிட்ட நூல் ஒரு திருப்பத்தை ஏற்படுத்தியது. உதவி தேடி வருபவரை அவர் நோயாளி என்னாது துணைநாடி என்ற பொருளில் நோக்கினார். வழி காட்டுவதைவிட அக்கறையுடன் செவிமடுப்பதே முக்கியம் என்றார்.

மறுபக்கத்தில், மோட்டார்ப் பந்தய வீரராக இருந்து பயிற்றுவிப்புத் துறைக்கு வந்த ஆங்கிலேயர் ஜோன் விற்மோர், 1992இல் வெளியிட்ட நூலின் மூலம் நான்கு படிகள் கொண்ட ஒரு முறையைப் பரப்பினார். எதை அடைய விரும்புகிறீர்கள்? இப்போதைய நிலைமை என்ன? என்னென்ன வழிகள் உண்டு? இவற்றில் எதை, எப்போது செய்வீர்கள்? இங்கு படிகளின் ஒழுங்கு வழிகாட்டியினுடையது, பதில்கள் துணைநாடியினுடையவை.

ஓர் இளம் அதிகாரியின் அனுபவம்

இவ்விரண்டையும் இணைக்க வழி உண்டா? பின்னாளில், 2002இல், பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டானியல் கானமனின் இளமைக்கால அனுபவம் ஒன்று இதற்கு உதவும். 1955இல், இருபத்தொரு வயதில், இஸ்ரேலியப் படையில் ஆட்களை நேர்முகம் காணும் முறையைத் திருத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதுவரை நேர்முகம் கண்டவர்கள் பொதுவாகப் பேசிப் பார்த்து, மனதில் பட்டபடி முடிவு செய்தார்கள். அம்முடிவுகள் பயனற்றவையாக இருந்தன.

கானமன் ஆறு குணங்களைத் தெரிந்து, ஒவ்வொன்றைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்டு, ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி இடச் செய்தார். தங்களை இயந்திரங்களாக்குவதாக நேர்முகம் கண்டவர்கள் முறையிட்டார்கள். அதற்கு அவர் இணங்கி, எல்லாக் கேள்விகளும் முடிந்த பின் கண்ணை மூடி அந்த ஆளை மனதில் நிறுத்தி, உள்ளுணர்வின்படியும் ஒரு புள்ளி இடும்படி கூறினார். சில மாதங்களின் பின் ஒப்பிட்டபோது புதிய முறை பழையதைவிடச் சிறந்திருந்தது. கண்ணை மூடி இட்ட புள்ளியும் ஆறு புள்ளிகளின் கூட்டுத்தொகைக்கு நிகராகவே இருந்தது.

கேட்பதற்கு முன் எழுந்த உள்ளுணர்வு ஏமாற்றியது. ஒழுங்காகக் கேட்ட பின் எழுந்த உள்ளுணர்வு கைகொடுத்தது. நாம் கவனிக்க வேண்டியது இதுவே.

உள்ளுணர்வு எங்கே பழுக்கிறது?

அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களை ஆராய்ந்த காரி கிளைன் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். வீடொன்றின் சமையலறைத் தீக்கு நீர் பாய்ச்சியும் அது அடங்கவில்லை. வெப்பம் அளவுக்கு அதிகமாக இருந்தது; தீயின் ஓசையோ குறைவாக இருந்தது. காரணம் தெரியாமலே அணித் தலைவர் எல்லோரையும் வெளியேறச் சொன்னார். அவர்கள் வெளியேறியதும் நின்ற தளம் இடிந்து விழுந்தது. தீ கீழே நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது.

உள்ளுணர்வை நம்பாத கானமனும் அதை மதித்த கிளைனும் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை எழுதி, ஒரு முடிவில் உடன்பட்டார்கள். உள்ளுணர்வை நம்புவதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அந்தத் தொழிலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். செய்தது சரியா பிழையா என்பதை அறிந்து அந்த ஒழுங்கைக் கற்கும் வாய்ப்பும் இருக்க வேண்டும்.

இங்கேதான் களப்பணியாளரின் இக்கட்டு தெரிகிறது. தீயணைப்பவர் தன் பிழையை நிமிடங்களில் காண்கிறார். நாமோ இன்று கொடுத்த ஆலோசனையின் பலனை ஒரு வருடம் கழித்தே காண முடியும். அதற்குள் திட்டம் முடிந்துவிடலாம். பணியாளர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டும் விடலாம். பிழையைக் காணாத பத்து வருடம் அனுபவம் ஆகாது. முதல் வருடத்தையே பத்துத் தடவை செய்ததாகும்.

நாம் செய்யக்கூடியவை

1. போவதற்கு முன் ஐந்தாறு விடயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆளின் உடல்நிலை, நாள் முழுவதும் செய்யும் வேலை, இதற்கு முன் செய்த தொழில், வீட்டில் உதவி, ஏற்கனவே உள்ள கடன், சந்தைக்குப் போகும் வழி என்பன உதாரணங்கள். எல்லா வீட்டிலும் இவற்றை விடாது கேளுங்கள். அப்போதுதான் பேசத் தெரியாதவரும் கணக்கில் வருவார்.

2. ஒழுங்கு உங்கள் மனதில் இருக்கட்டும். படிவம் பையில் இருக்கட்டும். அவர் பிள்ளையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இடைமறிக்க வேண்டாம். விடுபட்டதை எழும்பு முன் கேட்டுக்கொள்ளலாம்.

3. "என்ன வேண்டும்?" என்பதுடன் நிறுத்தாமல், "இதை எந்த நேரத்தில் செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள். தையல் இயந்திரத்தின் கதை அந்த ஒரு கேள்வியிலேயே வெளிவந்திருக்கும்.

4. எல்லாம் கேட்ட பின், உங்கள் மனதில் பட்டதைத் திகதியிட்டு ஒரே வரியில் எழுதுங்கள். "ஏதோ சரியில்லை" என்று தோன்றினால் அதையும் எழுதி, காரணத்தை அறிய இன்னொரு நாள் போங்கள்.

5. ஆறு மாதத்தின் பின் அந்த வரியை எடுத்து, நடந்ததுடன் ஒப்பிடுங்கள். மாற்றலாகிப் போனால் கொப்பியைப் பின் வருபவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இந்த ஐந்தில் கடைசியே மிகவும் கடினமானது. நமது பிழையை நமது கையெழுத்திலேயே வாசிக்க எவருக்கும் விருப்பமிராது. ஆயினும் அதைச் செய்யாமல் உள்ளுணர்வு வளர்வதில்லை, படிவமும் திருந்துவதில்லை. மூலையில் மூடிக்கிடக்கும் அந்த இயந்திரத்தைப் போய்ப் பார்த்த பின்னரே, அடுத்த படிவத்தில் கண்பார்வைக்கு ஓர் இடம் வரும்.

மாதாந்தக் கூட்டத்தில் கலந்துரையாட

- நமது படிவத்தில் கேட்கப்படாமல் விடுபட்ட எந்தக் கேள்வி கடந்த வருடம் ஒரு குடும்பத்தைப் பாதித்தது?
- முதற் பார்வையில் "இவரால் முடியாது" என நாம் ஒதுக்கியவர்களில் யாரை மீண்டும் சென்று பார்க்க வேண்டும்?