உறங்கும் சட்டம்; உண்மை சொல்வோருக்கு யார் காவல்?

புது தில்லி: 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில், ஜார்க்கண்டின் கோடர்மாவில் பணியாற்றிய சத்யேந்திர துபே என்ற இளம் பொறியாளர், அப்போதைய பிரதமர் வாஜ்பாயிக்கு எழுதிய கடிதம் அது. பெரிய நிறுவனங்கள் பெற்ற ஒப்பந்தங்கள் தகுதியற்ற சிறு ஒப்பந்ததாரர்களுக்குக் கைமாறுவதையும், பணிகளின் தரம் சீர்கெடுவதையும் அதில் அவர் விவரித்திருந்தார். மொட்டைக் கடிதமாக இருந்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்பதால், தன்னைப் பற்றிய விவரங்களைத் தனித்தாளில் இணைத்து, பெயரை ரகசியமாக வைக்குமாறு கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. பிரதமர் அலுவலகத்திலிருந்து சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும், அங்கிருந்து துபே பணியாற்றிய தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் கடிதம் பெயருடனேயே பயணம் செய்தது. கோப்பு யார் கைகளுக்கெல்லாம் போனதோ, அவர்கள் அனைவருக்கும் முறைகேடு தெரிந்துவிட்டது. அதைச் சொன்னவரையும் தெரிந்துவிட்டது. ஆனால், தெரிந்துகொண்டவரின் பொறுப்பு, கோப்பை அடுத்த மேசைக்கு அனுப்பியதுடன் முடிந்துவிடுவதாகக் கருதுவது நமது நிர்வாகத்தின் பழைய வழக்கம்.

2003 நவம்பர் 27 அதிகாலையில், வாராணசியில் ஒரு திருமணத்துக்குச் சென்று திரும்பிய துபே, பிகாரின் கயை நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கை விசாரித்த சிபிஐ, இது வழிப்பறியின்போது நடந்த கொலை என்றது. 2010-ல் பாட்னா சிபிஐ நீதிமன்றம் மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. வழிப்பறி என்ற விளக்கத்தைக் குடும்பத்தினர் ஏற்கவில்லை. அந்த ஐயம் சரியா, தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். நம்பிக் கொடுத்த பெயரை ஊரறியச் செய்தது தனிப்பட்ட ஒரு தவறு. கொலையாளி யாராக இருந்தாலும் அந்தத் தவறு தவறுதான்.

இத்தகையோரைக் காக்கத் தனிச் சட்டம் தேவை என்பது அரசுக்குத் தெரியாத செய்தியல்ல. துபே கடிதம் எழுதுவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே, 2001 டிசம்பரில், சட்ட ஆணையம் தனது 179-வது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்திருந்தது. கொலைக்குப் பிறகு விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற நிலையில், 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. புகார்களைப் பெறும் அமைப்பாக மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் நியமிக்கப்பட்டது. சட்டம் மட்டும் வரவில்லை.

2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், கலப்பட எரிபொருள் விற்ற பெட்ரோல் பங்க் மீது நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் நிறுவன அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் கொல்லப்பட்டார். 2010 ஜூலையில், கிர் வனப்பகுதி அருகே நடந்த சட்டவிரோதச் சுரங்கங்களை எதிர்த்துப் போராடிய அமித் ஜேத்வா, ஆமதாபாதில் உயர் நீதிமன்றத்தின் அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மஞ்சுநாத் அலுவலகக் கடமையைச் செய்தவர். ஜேத்வா எந்தப் பதவியிலும் இல்லாதவர்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் மசோதா மக்களவைக்கு வந்தது. 2011 டிசம்பரில் மக்களவையிலும், 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அதே ஆண்டு மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். புகார்தாரரின் பெயரை வெளியிடுவோருக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது இச்சட்டம். துபேயின் கடிதத்தைக் கையாண்டவர்களை அன்று தடுக்கக்கூடிய பிரிவு அதுவே.

ஆனால், சட்டம் நடைமுறைக்கு வரும் தேதியை மத்திய அரசு அறிவிக்கை மூலம் குறிக்க வேண்டும். பத்தாண்டு நிறைந்த 2024-லும் அந்த அறிவிக்கை வரவில்லை. இடையில், தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, பத்து வகைத் தகவல்களைச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கும் திருத்த மசோதா 2015-ல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டாமல், 2019-ல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது. முந்தைய அரசு ஆட்சியின் கடைசி நாள்களில் சட்டத்தை நிறைவேற்றியது; அடுத்து வந்த அரசு அதைத் திருத்த முயன்றதே தவிர, செயல்படுத்தவில்லை. இதில் கட்சி பேதம் பார்க்க அதிக இடமில்லை.

மறுபுறம், குடிமகனின் கடமையில் சட்டம் கண்டிப்பாகவே இருக்கிறது. கொலை, கொள்ளை, அரசு ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடி உள்ளிட்ட சில குற்றங்கள் நடந்தது தெரிந்தால், காவல் துறைக்கோ நீதித்துறை நடுவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39-வது பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 33-வது பிரிவும் இதையே சொல்கிறது. தெரிவிக்காமலிருக்கத் தக்க காரணம் இருந்தால் விலக்கு உண்டு. அதை நிரூபிக்கும் பொறுப்பு மௌனம் காத்தவருடையது. உயிர்ப்பயம் தக்க காரணம்தானா என்ற கேள்வியை, காவல் தராத அரசு கேட்க முடியுமா?

இப்போதைக்கு, துபேயின் மரணத்துக்குப் பின் வந்த 2004 தீர்மானம்தான் புகுவதற்கு இருக்கும் வழி. புகாரை மூடி ஒட்டிய உறையில் அனுப்ப வேண்டும். பெயரும் முகவரியும் உள்ளே மட்டும் இருக்க வேண்டும், உறையின் மேல் எழுதக் கூடாது என்கின்றன ஆணையத்தின் விதிமுறைகள். அனுப்புநர் பெயர் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, புகார் கிடைத்ததற்கான ஒப்புகைகூட அனுப்பப்படுவதில்லை.