கொள்கலனும் பணியறையும்: ஓர் ஆணைவரிக் கருவியின் சொல்லும் செயலும்

கணிப்பொறி வழி மொழியாய்வில் ஈடுபடுவோர் பழைய மென்பொருள்களை எளிதில் கைவிட இயலாது. யூனிகோடுக்கு முற்பட்ட குறியேற்றம் ஒன்றில் உள்ளிடப்பெற்ற சொற்றொகுதிகள் பல இன்றும் ஆய்வாளர் கைகளில் உள்ளன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் நிரல்களுள் சில பைத்தான் 2 என்னும் நிரல்மொழியில் எழுதப்பெற்றவை. அம்மொழிக்கான பராமரிப்பு 2020 சனவரி 1-ஆம் நாளோடு நிறுத்தப்பெற்றது. டெபியன் இயங்குதளத்தின் 11-ஆம் பதிப்பில் (2021) அது எஞ்சியிருந்தது. 12-ஆம் பதிப்பில் (2023) நீக்கப்பெற்றுவிட்டது. ஆய்வாளரின் கணிப்பொறி புதியது, நிரலோ பழையது. கணிப்பொறியைப் பழைய பதிப்புக்குக் கொண்டுசெல்வதும் தகாது. நிரலைத் திருத்தி எழுத ஆளும் பொழுதும் கிடைப்பதும் அரிது.

இவ்விடர்ப்பாட்டை நீக்கும் வழிகளுள் ஒன்று, ஒரே கணிப்பொறிக்குள் பழைய இயங்குதளம் ஒன்றைத் தனியே நிறுவி, அதற்குள் சென்று பணியாற்றி மீள்வதாகும். லினக்சு கணிப்பொறிகளில் இதனை எளிமையாக்கும் கருவிகளுள் டிஸ்ட்ரோபாக்ஸ் ஒன்று. லூக்கா டி மாயோ 2021-இல் வெளியிட்ட இக்கருவி, ஆணைகளைத் தட்டச்சிட்டு இயக்கப்படுவது. இதன் செயல்பாட்டையும், இதன் ஆணைச்சொற்களைத் தமிழில் தருங்கால் எழும் சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பேசுதல் இயலாது. ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்தால் அதை நம்பிச் செயல்படுபவர் தம் மூலக் கோப்புகளையே இழக்க நேரலாம். (ஆணைகள் ரோமன் எழுத்தில் தட்டச்சிடப்படுபவை, ஈண்டு ஒலிப்பை நோக்கித் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.)

கலன் என்னும் உருவகம்

கப்பல் சரக்குப் போக்குவரத்தில் 1956-ஆம் ஆண்டு ஒரு திருப்பம் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மால்கம் மெக்லீனின் ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குச் சென்றது. பெட்டிக்குள் இருப்பது எதுவாயினும் வெளியளவு ஒன்றே. இடையில் யாரும் பெட்டியைத் திறக்க வேண்டுவதில்லை. கணிப்பொறித் துறையினர் கன்டெய்னர் என்னும் பெயரை இங்கிருந்தே பெற்றனர். 2013-இல் வெளிவந்த டோக்கர் இப்பெயரைப் பரவலாக்கியது. டோக்கர் என்னும் பெயரே துறைமுகத் தொழிலாளியைக் குறிக்கும் சொல்தான். தமிழில் கொள்கலன் என்பது நிலைபெற்றுள்ளது. கலம் என்னும் சொல்லுக்குப் பாத்திரம், மரக்கலம், அணிகலன், ஒரு முகத்தலளவை எனப் பல பொருள்கள் இருப்பதால் கடல் வழி வந்த இவ்வுருவகம் தமிழில் இயல்பாகவே பொருந்தியது எனலாம்.

ஆனால் உருவகம் தரும் தோற்றமும் கருவியின் செயலும் எல்லா இடங்களிலும் ஒத்துப்போவதில்லை. கொள்கலன் என்பது உண்மையில் ஒரு பெட்டியன்று. இயங்குதளத்தின் கருவகம் ஒரு செயல்முறைக்குக் காட்டும் குறுகிய காட்சியே அது. கோப்பு அமைப்பு, செயல்முறைகளின் பட்டியல், வலைப்பின்னல், பயனர் எண்கள் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துக் காட்டவோ பொதுவாக விடவோ முடியும். எவை பிரிக்கப்பட்டன, எவை பொதுவாக விடப்பட்டன என்பதே ஒரு கொள்கலனின் இயல்பை உறுதிசெய்கிறது. இதனைக் கொள்கலன் என்னும் சொல் சொல்வதில்லை. எல்லாம் மூடப்பட்டது என்னும் எண்ணத்தையே அது தோற்றுவிக்கிறது.

டிஸ்ட்ரோபாக்ஸ் இதற்கு நேர்மாறானது. தனிமைப்படுத்தல் தன் முதன்மை நோக்கமன்று, புறக்கணிப்பொறியோடு இறுகப் பிணைப்பதே நோக்கம் என அதன் ஆவணமே தெளிவுபடுத்துகிறது. உள்ளே இருக்கும் மென்பொருள்கள் டெபியன் 11-க்கு உரியவை. ஆனால் பயனரின் இல்லக் கோப்புறை, திரை, ஒலி, வெளிச் சேமிப்புக் கருவிகள் ஆகியன பொதுவானவை. உள்ளே காணப்படும் ‘சொற்றொகுதி’ என்னும் கோப்புறை வெளியே இருப்பதன் படியன்று, அதுவே இது. ஒரு வீட்டின் அறைக்குத் தனிக்கதவு இருப்பினும் கிணறு பொதுவாக இருப்பது போன்றது இது. ஆகவே டிஸ்ட்ரோபாக்ஸ் உருவாக்கும் இடத்தைப் பணியறை எனக் குறிப்பதும், கொள்கலன் என்பதை அதன் அடியில் இயங்கும் பொதுத் தொழில்நுட்பத்துக்கு மட்டும் வழங்குவதும் பொருத்தமாகும். பணியிடம் என்னும் சொல்லைக் கையாள்வோரும் உளர். தமிழக அரசு அலுவலக வழக்கில் அது பதவியைக் குறிப்பது. ‘பணியிடத்தை நீக்கு’ என்று திரையில் தோன்றினால் ஒருவர் வேலையே போயிற்றென்று பொருள்படும்.

ஆணையின் தொடரமைப்பு

ஏடு என்னும் பெயரில் ஒரு பணியறையை உருவாக்குவதாகக் கொள்வோம். ‘டிஸ்ட்ரோபாக்ஸ் கிரியேட் --நேம் ஏடு --இமேஜ் டெபியன்:11’ என்பது ஆணை. முதற்சொல் விளிக்கப்படும் கருவி; இரண்டாவது ஏவல் வினை; எஞ்சியவை அடைகள். இருகோடு முன்னிற்கும் சொற்கள் வேற்றுமை உருபுகளைப் போன்று செயல்படுகின்றன. ஆனால் தமிழ் உருபு பெயரின் பின் ஒட்ட, இவை பெயரின் முன் தனித்து நிற்கின்றன. உருபு இருப்பதால் அடைகளின் வரிசையை மாற்றினும் பொருள் மாறுவதில்லை. பணியறைக்குள் புகுவதற்குரிய ‘டிஸ்ட்ரோபாக்ஸ் என்டர் ஏடு’ என்பதிலோ பெயர் உருபின்றி நிற்கிறது. ‘எப்ஹெமரல்’ என்னும் ஆணை வினையே அன்று, பெயரடை. ஒரு முறை பயன்படுத்தி வெளியேறியதும் தானே மறையும் அறையை அது உருவாக்குகிறது. ‘ஆர்எம்’ என்பது ரிமூவ் என்பதன் குறுக்கம். இவ்வாறு ஐந்தாறு சொற்களுக்குள்ளேயே மூவகைச் சொல்லாக்கம் காணக் கிடக்கிறது.

மற்றொன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. பணியறையின் பெயரைத் தமிழ் எழுத்தில் இட இயலாது. அடியில் இயங்கும் டோக்கரும் பாட்மேனும் பெயர்களில் ரோமன் எழுத்து, எண், அடிக்கோடு, புள்ளி, சிறுகோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கின்றன. கோப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் இடலாம், அவற்றைத் திறக்கும் அறைக்கு இடலாகாது என்பது விந்தையே.

இமேஜ் என்பதைத் தமிழ்க் கணிப்பொறி நூல்கள் படிமம் என்கின்றன. இலக்கியத் திறனாய்வில் ஊன்றிவிட்ட அச்சொல் இங்குப் பொருந்தவில்லை. இங்கே குறிக்கப்படுவது கருவிகள் அனைத்தும் உள்ளடங்கிய, மாற்றப்படாத ஒரு மூலம். அதிலிருந்து எத்தனை அறைகளையும் உருவாக்கலாம். அறைக்குள் செய்யும் மாற்றங்கள் தனி அடுக்கில் எழுதப்படுமேயன்றி மூலத்தைத் தொடுவதில்லை. சுவடிப் பதிப்பில் மூலப்படிக்கும் அதிலிருந்து பெயர்த்தெழுதிய படிகளுக்கும் உள்ள உறவே இது. ஆகவே மூலப்படி என்பதே தக்க சொல்.

முதன்முறை நுழையும்போது தேவையான அடிப்படைத் தொகுப்புகள் நிறுவப்படுவதால் சிறிது காத்திருக்க நேரும். பின்னர் உள்ளே பைத்தான் 2-ஐ நிறுவிக்கொள்ளலாம். அது அறைக்குள் மட்டுமே இருக்கும்; வெளிக் கணிப்பொறியின் தொகுப்புகள் தீண்டப்படுவதில்லை.

எது அழியும், எது அழியாது

இப்பகுதியே மொழிபெயர்ப்பாளர் ஊன்றி நோக்க வேண்டுவது. பணியறையிலிருந்து விலகுவதற்கு மூன்று ஆணைகள் உள்ளன: எக்சிட், ஸ்டாப், ஆர்எம். வெளியேறு, நிறுத்து, நீக்கு எனப் பெயர்க்கலாம். வெளியேறினால் அறை பின்னணியில் இயங்கிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் உள்ளே இயங்கும் செயல்முறைகள் முடிவுறும். நிறுவிய மென்பொருள்கள் அப்படியே இருக்கும். நீக்கினால் மென்பொருள்கள் போய்விடும். ஆனால் இல்லக் கோப்புறையில் எழுதிய கோப்புகள் தங்கிவிடும், ஏனெனில் அவை அறைக்கு உரியனவே அல்ல.

வழக்கமான டோக்கர் கொள்கலனில் நிலைமை தலைகீழ். வெளிக் கோப்புறை எதையும் இணைக்காமல் இயக்கிய கொள்கலனை நீக்கினால் உள்ளே எழுதியவை அனைத்தும் அதனோடு மறையும். அங்கே இழப்பு நேர்வது கொள்கலனை நீக்கும்போது. பணியறையிலோ அதற்குள் பணியாற்றும்போதே நேர்கிறது. இரண்டையும் கொள்கலன் என்னும் ஒரே சொல்லால் விளக்கும் கையேடு படிப்பவரை இரு திசையிலும் தவறாக வழிநடத்தும்.

தவறு எவ்வாறு நேரும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். குறியேற்ற மாற்றிகளுள் சில, விளைவை மூலக் கோப்பின் மேலேயே எழுதும் இயல்பின. கொள்கலன் மூடப்பட்டது என நம்பிய ஆய்வாளர், ‘உள்ளே என்ன செய்தாலும் வெளியே தாக்காது, சோதித்துப் பார்ப்போம்’ என்று அதனை இயக்குகிறார். விளைவு பிழையாக வருகிறது. அறையை நீக்கிப் புதிதாக உருவாக்கி மீண்டும் இயக்குகிறார். இப்போது மாற்றிக்குக் கிடைப்பது மூலமன்று, ஏற்கெனவே ஒருமுறை மாற்றப்பட்ட பிரதி. இருமுறை மாற்றப்பட்ட எழுத்துகளிலிருந்து மூலத்தை மீட்பது பெரும்பாலும் இயலாத செயல். அறை புதியது, ஆனால் கோப்பு பழையதே. எப்ஹெமரல் ஆணையால் உருவாக்கிய அறையிலும் இதே கதைதான். மறைவது அறையேயன்றி அதில் செய்த செயலின் விளைவன்று. எனவே அச்சொல்லைத் தற்காலிக அறை எனப் பெயர்ப்பது தகும். சோதனை அறை எனப் பெயர்ப்பது தகாது.

‘--ஹோம்’ என்னும் அடையைக் கொண்டு பணியறைக்கு வேறோர் இல்லக் கோப்புறையைச் சுட்டலாம். இதனால் பாதுகாப்பு கிடைத்துவிடுவதாகக் கருதுவது பொதுவான பிழை. நிரல்கள் தம் அமைப்புக் கோப்புகளை எழுதும் இடம் மாறுகிறதேயொழிய, பழைய இல்லத்துக்குச் செல்லும் வழி அடைபடுவதில்லை. கணிப்பொறியின் கோப்பு அமைப்பு முழுவதையும் உள்ளிருந்து ‘/ரன்/ஹோஸ்ட்’ என்னும் பாதையிலும் காணலாம். வேலியாக அமைவது பயனரின் உரிமை ஒன்றே. பாட்மேனைச் சாதாரணப் பயனராக இயக்கினால், உள்ளே முதன்மைப் பயனராகத் தோன்றுபவரும் வெளியே அச்சாதாரணப் பயனரே. அவரால் கணிப்பொறியின் அமைப்பைக் கெடுக்க முடியாது. தம் கோப்புகளை அழிக்க முடியும். மொழியாய்வாளருக்கு விலைமதிப்பற்றவை பின்னவையே. முதன்மைப் பயனர் உரிமையோடு இயங்கும் டோக்கரின் மேல் டிஸ்ட்ரோபாக்ஸை அமைத்தால் அவ்வேலியும் மெலிந்துவிடும்.

மாறாக, பணியறையையே பாதுகாக்க விரும்புவோர்க்கு வழி உண்டு. பழைய பதிப்புகளின் தொகுப்புக் களஞ்சியங்கள் காலப்போக்கில் காப்பகத்துக்கு நகர்த்தப்படுகின்றன. அதன்பின் அவ்வறையைப் புதிதாக உருவாக்குதல் கடினம். ஆகவே நன்கு இயங்கும் அறையைப் பாட்மேனின் ‘கமிட்’ ஆணையால் ஒரு மூலப்படியாக்கி, ‘சேவ்’ ஆணையால் ஒரே கோப்பாகச் சேமித்து வைக்கலாம். படியெடுத்த அறையிலிருந்து புதிய மூலப்படி பிறப்பது சுவடியியலார்க்குப் புதுமையன்று. இச்சேமிப்பில் இல்லக் கோப்புறை அடங்காது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். சொற்றொகுதிக்கு வேறு காப்பு தேவை.

எக்ஸ்போர்ட்டும் வேற்றுமையும்

உள்ளே நிறுவிய செயலி ஒன்றை வெளிப் பட்டியலிலிருந்தே திறக்க உதவுவது ‘எக்ஸ்போர்ட்’ ஆணை. இதனை ஏற்றுமதி எனப் பெயர்ப்பது அகராதிக்கு இசைந்தது, செயலுக்கு இசையாதது. இங்கே எதுவும் இடம்பெயர்வதில்லை. செயலி அறைக்குள்ளேயே இருக்க, அதற்கு ஒரு வாயில் மட்டும் வெளியே வைக்கப்படுகிறது. ஏற்றுமதி செய்துவிட்டோம் என எண்ணி அறையை நீக்குபவர் செயலியையும் இழப்பார். வெளிக்காட்டு என்பது இதனினும் நேர்மையான சொல்.

அவ்வாறு வெளிக்காட்டிய செயலியின் பெயரோடு ‘ஆன்’ என்னும் முன்னிடைச்சொல்லும் அறையின் பெயரும் அடைப்புக்குறிக்குள் சேர்க்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் இது எளிது. மாறாத ஒரு சொல்லின் பின் எப்பெயரையும் வைக்கலாம். தமிழிலோ ஏடு என்னும் பெயர் ‘ஏட்டில்’ ஆகும். களம் ‘களத்தில்’ ஆகும். பலகை ‘பலகையில்’ ஆகும். நிரல் தானே பெயரையும் உருபையும் ஒட்டினால் ‘ஏடுஇல்’ என்றே அச்சிடும். இவ்விடத்தில் உருபைத் தவிர்த்து ‘அறை: ஏடு’ என எழுவாய் வடிவில் தருவதே புணர்ச்சிச் சிக்கலின்றி அமைவது. அச்சேர்க்கையைப் பயனரே மாற்றிக்கொள்ள இக்கருவி ஓர் அடையை வழங்கியிருப்பதால் மூல நிரலைத் தொடாமலே இதனைச் செய்துகொள்ள முடிகிறது.