சல்லிப் பங்கும் நம் கைமுதலும்

நெய்த கூலியையும் மணிலா விற்ற பணத்தையும் மலிவான சல்லிப் பங்குகளில் இடலாமா என்று செஞ்சி வட்டாரத்து அங்கத்தினர் சிலர் நம்மை வினவுகின்றனர். அவர்கட்கு ஒன்று கூறுவோம்.

2022-இல் சாதனா பிராட்காஸ்ட் கம்பெனியைப் பற்றி யூடியூப் வழியே பொய்ச்செய்தி பரவிற்று. விலை ஏறியது, சிறு முதலீட்டாளர் வாங்கினர், கம்பெனியின் உள்ளிருந்த சிலரோ விற்று இலாபங் கண்டனர். 2023 மார்ச்சில் செபி 31 பேரைச் சந்தையினின்றும் விலக்கி இடைக்கால ஆணை பிறப்பித்தது.

ஏமாந்தோர் செய்யத்தக்கது யாது? வாங்கிய சீட்டுகளையும் வந்த செய்திகளையும் பத்திரப்படுத்தி, செபியின் 'ஸ்கோர்ஸ்' தளத்தில் முறையிடலாம். செபியின் ஆணையால் குறையுற்றோர் 45 நாட்களுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். எனினும் போன பணம் முழுதும் மீளும் என்பதற்கு உறுதியில்லை.

நம் சங்கப் பங்கு ஒரே நாளில் இரட்டிப்பதில்லை. ஆயின் அதன் கணக்கைப் பொதுப்பேரவையில் எழுந்து நின்று கேட்கலாம்.