ரிமோட்டைப் பார்க்கும் கண் எங்கே இருக்கிறது?

போன மாதம் பெரியகல்லாற்றில் உள்ள மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். மாமியின் மகன் எனக்கு மச்சான். போர்க்காலத்தில் ஷெல் துண்டு முதுகெலும்பில் பட்டதிலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. பகல் முழுவதும் கட்டில்தான். யாரையும் கூப்பிடாமல் அவர் தானாகச் செய்யக்கூடிய காரியங்கள் சிலதான். அவற்றில் ஒன்று, தொலைக்காட்சியில் தனக்குப் பிடித்ததைப் போட்டுப் பார்ப்பது.

அன்று தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட் மட்டும் அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்தது.

"அது மூணு மாசமா வேலை செய்யல்ல மனே. புது ரிமோட்டும் வாங்கிப் பார்த்தம். மறுகா, பெட்டிதான் பழுது, புதுசு எடுங்க எண்டு கடையில சொல்லிப்போட்டாங்க" என்றார் மாமி.

முதலில் ஒவ்வொரு தடவையும் மச்சான் தாயைக் கூப்பிட்டிருக்கிறார். அடுப்படியிலிருந்து எழுந்து வர அவருக்கும் முழங்கால் வலி. கொஞ்ச நாளில் மச்சான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். எது ஓடுகிறதோ அதையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. பெட்டியின் கண் மறைந்திருந்தது, அவ்வளவுதான். எங்கள் பகுதிகளில் நடக்க முடியாதவர்கள், பார்வை இழந்தவர்கள், தனித்து வாழும் முதியவர்கள் இருக்கும் வீடுகள் பல. புதுப் பெட்டிக்குக் காசு கொடுக்க முன், அந்தக் கண்ணைத் தேடிப் பார்க்கும் வழியை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ரிமோட் பேசும் வெளிச்சம்

ரிமோட்டின் முனையில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. பொத்தானை அழுத்தும்போது அது அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. பாடசாலையில் இதைச் செந்நிறக் கீழ்க்கதிர் என்று படித்திருப்போம். எமது கண்ணுக்குச் சுமார் 700 நனோமீற்றர் வரையான ஒளிதான் நன்றாகத் தெரியும். ரிமோட்டின் ஒளி பெரும்பாலும் 940 நனோமீற்றர். அதனால்தான் அது எரிவதை நாம் காண்பதில்லை.

அந்த ஒளி சும்மா எரிவதில்லை. பெரும்பாலான ரிமோட்டுகளில் அது வினாடிக்கு ஏறத்தாழ 38,000 தடவை துடிக்கிறது. அந்தத் துடிப்புகள் சிறு சிறு கூட்டங்களாக, இடைவெளி விட்டு வரும். இடைவெளியின் அளவுதான் எந்தப் பொத்தான் என்று சொல்லும் குறியீடு. பெட்டிக்குள் இருக்கும் உணரி, விரல்நகத்தை விடச் சிறிய, மூன்று கால் கொண்ட ஒரு கறுப்புத் துண்டு. அது இந்தத் துடிப்பை மட்டும் பிடித்து, மற்ற ஒளிகளை ஒதுக்கிவிடும்.

இப்படி ஒதுக்குவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1955 இல் அமெரிக்காவின் செனித் நிறுவனத்தில் யூஜின் பொலி என்பவர் ஒளியால் இயங்கும் ரிமோட்டை உருவாக்கினார். தொலைக்காட்சியின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் கலங்கள் இருந்தன. வெயில் பட்டால் அவை தாமாகவே இயங்கிவிடும் என்பதுதான் அதில் இருந்த தொல்லை. துடிக்கும் ஒளியை மட்டும் ஏற்கும் இன்றைய முறை அந்தக் குறையைத் தீர்த்தது. ஆனாலும் கடும் வெயில் நேராக விழுந்தால் இன்றும் உணரி திணறும்.

முதலில் ரிமோட்டைச் சோதியுங்கள்

கைத்தொலைபேசியின் கமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ ஒரு புள்ளி மின்னினால் ரிமோட் ஒளி விடுகிறது. பின்பக்கக் கமராவில் தெரியாவிட்டால் செல்பி எடுக்கும் முன்பக்கக் கமராவில் பாருங்கள். பல தொலைபேசிகளின் பின்பக்கக் கமரா இந்தக் கதிரை வடிகட்டிவிடும்.

எதிலும் மின்னாவிட்டால் பற்றரியை மாற்றுங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊர்களில் உப்புக்காற்று பற்றரி தொடும் தகட்டையும் அரிக்கும். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் சிறிது வினாகிரி தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

சில புதிய பெட்டிகளின் ரிமோட் புளூடூத்தில் வேலை செய்யும். அவற்றுக்கு இந்தக் கண் தேவையில்லை. கீழே சொல்வது அவற்றுக்குப் பொருந்தாது.

கண்ணைத் தேடும் வழி

பெட்டியைக் கழற்ற வேண்டியதில்லை. உணரி பெரும்பாலும் முன்பக்கத்தில்தான் இருக்கும். அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எண்கள் தெரியும் இடத்துக்கு அருகிலோ, சிவப்பு விளக்குக்குப் பக்கத்திலோ, ஒரு மூலையிலோ சிறிய வட்டமாக அல்லது கருஞ்சிவப்புச் சில்லாக ஒன்று தெரியலாம்.

சில பெட்டிகளின் முன்பக்கம் முழுவதும் பளபளக்கும் கறுப்பு. எங்கள் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் அந்தப் பிளாஸ்ரிக், அகச்சிவப்புக் கதிருக்குக் கண்ணாடி மாதிரி. அங்கே கண் எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அப்போது கறுப்பு ரேப் உதவும்.

முன்பக்கத்தின் இடது ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ரேப்பை ஒட்டி, வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்து ரிமோட்டை அழுத்துங்கள். வேலை செய்தால் ரேப்பைக் கழற்றி அடுத்த இரண்டு விரலுக்கு ஒட்டுங்கள். எந்த இடத்தை மூடும்போது பெட்டி பதில் சொல்லாமல் விடுகிறதோ, அங்கேதான் கண். மிக அருகில் நின்று சோதிக்க வேண்டாம். ஒளி சுவரில் பட்டுத் திரும்பியும், ஓரத்தால் புகுந்தும் உங்களை ஏமாற்றும்.

இடம் தெரிந்ததும் அதற்கு மேலே, கண்ணை மூடாமல், சிறு பொட்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள். தடித்த பொட்டாக இருந்தால் பார்வை இல்லாதவரும் தடவிப் பார்த்து, முன்னால் ஏதும் மறைக்கிறதா என்று அறியலாம்.

மாமி வீட்டில் நடந்தது

மாமி வீட்டுப் பெட்டியின் கண் வலது ஓரத்தில் இருந்தது. மார்கழி மழையில் கூரை ஒழுகியபோது கட்டிலை மறுபக்கச் சுவருக்கு இழுத்திருக்கிறார்கள். அதே நாளில் பெட்டியையும் ஷோகேஸுக்குள் தள்ளி வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவின் மரச்சட்டம் சரியாகக் கண்ணுக்கு முன்னால் நின்றது. போதாததற்கு மேலே இருந்து பின்னல் துணி ஒன்றும் தொங்கியது.

துணியை மடித்துவிட்டு, பெட்டியை நான்கு விரல் இடப்பக்கம் நகர்த்தினேன். அறையின் நடுவிலிருந்து வேலை செய்தது. கட்டிலிலிருந்து இல்லை. நேர் முன்னால் இருந்து வரும் ஒளியைத்தான் உணரி நன்றாகப் பிடிக்கும். பக்கவாட்டில் போகப் போக அதன் பிடி குறையும். பெட்டியைக் கட்டில் பக்கம் சற்றுத் திருப்பி வைத்ததும் அங்கிருந்தும் வேலை செய்தது.

மாலையில் மீண்டும் நின்றுபோனது. எங்கள் ஊரில் சூரியன் வாவிப் பக்கம்தான் மறைகிறது. மேற்குக் கதவால் வந்த வெயில் நேரே பெட்டியில் விழுந்தது. கதவுக்குப் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டினோம். அதோடு சரி.

கண்ணை எந்த வழியிலும் வெளியே காட்ட முடியாத வீடுகளுக்கும் வழி உண்டு. சில பெட்டிகளின் பின்னால் ஐஆர் என்று எழுதிய துளை இருக்கும். அதற்கேற்ற நீட்டு வயரின் ஒரு முனையில் தனி உணரி இருக்கும். அதைக் கட்டிலில் இருப்பவர் காணும் இடத்தில் ஒட்டலாம். வாங்க முன் துளையின் வகையைக் கடையில் காட்டிக் கேளுங்கள்.

நான் புறப்படும்போது மச்சான் கிரிக்கெட் போட்டிருந்தார். சத்தம் வீதிவரை கேட்டது.

"சத்தத்தைக் குறை மனே!" என்று மாமி அடுப்படியிலிருந்து கத்தினார்.

அவரே குறைத்தார்.