அகழாய்வு அறிக்கைகளின் அடைவாக்கத்தில் இயற்கைமொழிச் செயலாக்கம்: நெதர்லாந்துச் சான்று

1992ஆம் ஆண்டு மால்டா உடன்படிக்கைக்குப் பின் நெதர்லாந்தில் கட்டுமானத்திற்கு முன் அகழாய்வு செய்வது நடைமுறையாயிற்று. நூலாக அச்சேறாத அறிக்கைகள் பல்லாயிரம் குவிந்தன. உரோமானியர் காலக் குடியிருப்பு எனத் தலைப்பிட்ட அறிக்கையினுள் குறிக்கப்படும் ஓர் இடைக்கால ஈமக்குழி, தலைப்புவழி அடைவில் அகப்படாது. வெறும் சொல்தேடலும் போதாது. ‘சுவிஃப்டர்பான்ட்’ என்பது ஊர்ப்பெயர், கி.மு. 5300 அளவில் தொடங்கிய ஒரு பண்பாட்டின் பெயர். அப்பண்பாட்டுப் பானைவகையின் பெயரும் அதுவே.

லைடன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஆக்னெஸ்’ தேடுபொறி, சொல்லின் சூழலைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிகிறது. அதற்குரிய மொழி மாதிரி, மனிதர் கைப்படக் குறியிட்ட அறிக்கைப் பகுதிகளிலிருந்து பயின்றது. கடினமானது இக்குறியீட்டுப் பணியே. எது தொல்பொருள், எது அதன் மூலப்பொருள் என்பதில் குறியிடுவோரே வேறுபடுவர்.

இத்தேடலால், முந்தைய பட்டியல்களில் இடம்பெறாத தொடக்க இடைக்கால எரியூட்டு ஈமங்கள் வெளிப்பட்டன. அக்கால ஈமமுறை பற்றிய கருத்து இதனால் மறு ஆய்வுக்கு உள்ளாகியுள்ளது.